குருவம்மாள் கை வைத்த நாற்பத்திரண்டு வண்டிகள்

குருவம்மாளின் உள்ளங்கை முதன்முதலாகச் சிவந்த காலையில் எங்கள் வேன் ஸ்டாண்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே ஊர்களில் இதைச் சொல்ல வாயெடுத்தாலே, "அப்ப நீங்கள்லாம் பயந்து ஓடலியா" என்றுதான் கேட்கிறார்கள். ஓடவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டீயைக் குடித்து முடித்தோம். எங்கள் பனியூத்து, மலை உச்சியில் இருக்கிற ஊர், கேரட்டும் பூண்டும் பீன்ஸும் விளைகிற ஊர், விளைந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு நாற்பத்திரண்டு பிக்கப் வண்டிகள் விடிகிற நேரத்தில் கீழே மார்க்கெட்டுக்கு இறங்கினால்தான் எங்கள் வீடுகளில் அடுப்பெரியும், அந்த நாற்பத்திரண்டில் ஒன்று என்னுடையது. என் பெயர் சன்னாசி. பெண்டாட்டி செத்து மூன்று வருடமாகியிருந்தது, பிள்ளைகுட்டி இல்லை, காலையில் எழுந்ததும் நான் முதலில் பேசுகிற ஆள் டீக்கடை ஜமால்தான்.

டீசல் இஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. அதில் தீப்பொறி போடுகிற சாமான் கிடையாது, காற்றை இறுக்கி இறுக்கி அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும், எங்கள் ஊர்க் குளிரில் அது நடக்காது. அதற்காகச் சிலிண்டருக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் தடிமனில் ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். சாவியைப் பாதி திருப்பினால் டேஷ்போர்டில் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு எரியும், அந்தப் பத்து விநாடியில் பிளக்கின் நுனி பழுத்துச் சிலிண்டருக்குள் வெதுவெதுப்பு ஏறும், விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடித்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் ஊரில் எவனும் அந்தப் பிளக் எரிந்துபோனால் மாற்றமாட்டான். டீசலில் நனைத்த துணியைக் கொளுத்திக் காற்றுக் குழாய் வாயில் காட்டுவான், இஞ்சின் தலையில் வெந்நீர் ஊற்றுவான், முதல் நாள் சாயங்காலமே வண்டியை மேட்டில் நிறுத்திக் காலையில் உருட்டி விடுவான், எதுவும் நடக்காவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வான். மெக்கானிக் அழகுமலை வருடக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியும் எங்கள் காதில் ஏறவில்லை.

அந்த மார்கழியில் குழாய்த் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கட்டியாகிக் குழாய் வெடித்த காலையில் நாற்பத்திரண்டு வண்டியும் கிளம்பவில்லை. துணி கொளுத்தினோம், வெந்நீர் ஊற்றினோம், தள்ளினோம், வெள்ளைப் புகைதான் வந்தது. ஸ்டாண்டு முழுக்கச் செல்ஃப் அடிக்கிற சத்தம், கர்ர் கர்ர் கர்ர் என்று, ஏற்றிய கேரட்டுமேல் பனி படிந்துகொண்டிருந்தது, அழகுமலை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி குருவம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். எதிரே பானட் திறந்து நின்றது ஸ்டாண்டுச் செயலாளர் தவசியின் வண்டி. "இப்பிடி அழ விடுறீங்களேண்ணே" என்று சொல்லிவிட்டு இஞ்சின் மேல் வலது கையை வைத்தாள், உள்ளங்கை மெல்லச் சிவந்து, விரலிடுக்கு வழியாக வெளிச்சம் தெரிய, அடுப்புக்கரி கனிந்த மாதிரி பழுத்தது. அந்தப் பத்து விநாடியும் சும்மா இருக்கக் கூச்சப்பட்டவள் மாதிரி, "ராத்திரி தூங்குனீங்களாண்ணே?" என்று தவசியைக் கேட்டாள். தவசி, "எங்கம்மா, குளுருதான்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினான். வண்டி பிடித்துக்கொண்டது. ஜமால் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "அடுத்த வண்டி" என்றார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ரேஷன் கடை புதிதாக வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். மறுநாள் வரிசை வந்தது, அதற்கு மறுநாள் வரிசையில் தகராறு வந்தது, மூன்றாம் நாள் தவசி சிலேட்டில் எண் போட்டு யார் வண்டிக்கு அடுத்து யார் வண்டி என்று எழுதி மாட்டினான். குருவம்மாள் நின்றுகொண்டே இருக்கிறாளே என்று சங்கத்தில் நீல பெயின்ட் அடித்த ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள், அவள் அதில் உட்காரவே இல்லை, வண்டிக்கு வண்டி நடந்தாள். பூசாரி வந்து, வலது கையா இடது கையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வலதுதான் என்றதும் நிம்மதியாகப் போனார். தோட்டக்கலை ஆபீசர் ஜீப்பில் வந்து, உருளைக்கிழங்கு வயலில் உறைபனி விழாமல் கை வைக்க முடியுமா, ஏக்கருக்கு எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார், முடியாதென்றதும் தன் ஜீப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினார். பெண்கள் மாவு புளிக்கவில்லை என்று பாத்திரத்தோடு வந்தார்கள், ஒருத்தி அடைமுட்டைக் கூடையோடு வந்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வெப்பக் கடத்தல் பாடத்தை ஸ்டாண்டில் வைத்து நடத்தினார்.

அவள் ஒவ்வொருத்தரிடமும் அந்தப் பத்து விநாடிக்கு ஒரு கேள்வி வைத்திருந்தாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா, முதுகுவலி எப்படி, புதுச் சட்டை யார் எடுத்தது, தம்பி சண்டை தீர்ந்துச்சா. என் வண்டிக்கு வந்தால், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்பாள். நான், "இனிமேத்தான் தங்கச்சி" என்பேன். அவள், "இப்பிடியே சொல்லுங்க" என்று முகத்தைச் சுளிப்பாள். அவ்வளவுதான், அதற்குள் இஞ்சின் சூடாகிவிடும்.

நாலாம் நாள் அழகுமலை அவள் கால்விரலைத் தொட்டுப் பார்த்தான். ஐஸ். கொலுசு குளிர்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. கையில் ஏறுகிற சூடு காலிலிருந்து போய்க்கொண்டிருந்தது, நாற்பத்திரண்டு வண்டி கிளம்பினால் ஒரு நாளைக்கு நான்கு விரற்கடை அவள் உடம்பு குளிர்ந்தது, குளிர்ந்த இடம் மறுபடி சூடாகவில்லை, வெந்நீர்ப் பை வைத்தால் பைதான் உறைந்தது. கீழே டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். எட்டாம் நாள் குளிர் முட்டியைத் தாண்டியது. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. அணையில் தண்ணி எத்தனை அடி என்று கேட்கிற மாதிரி ஜமால் கடையில் கேட்டுக்கொண்டார்கள். "இன்னிக்கு எதுவரைக்கும்?" "தொடைக்கு வந்துருச்சாம்." "அப்பச் சரி, இடுப்புக்கு இன்னும் நாளு கெடக்கு."

அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லி அழகுமலை கெஞ்சினான். அவளால் முடியவில்லை. செல்ஃப் அடிக்கிற சத்தம் கேட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"பச்சப்புள்ள கத்துற மாதிரி இருக்குங்க. கேட்டுக்கிட்டு எப்பிடி ஒக்காந்துருக்கச் சொல்றீங்க?"

"அது வண்டி, குருவு. இரும்பு."

"இரும்புன்னா? உள்ள உக்காந்துருக்கிறவன் மனுசன்தான?"

அதனால் அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. நாற்பத்திரண்டு வண்டியும் அழாமல் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தானாகக் கிளம்ப வேண்டும், குளிர் அவள் நெஞ்சுக்கு வருவதற்குள் அத்தனை ஹீட்டரையும் சரிசெய்துவிட வேண்டும். கீழே போய்ப் பை நிறையப் பிளக்குகளும் ரிலேக்களும் வாங்கிவந்தான், அன்றிலிருந்து அவன் படுத்ததை யாரும் பார்க்கவில்லை.

அவன் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு, அவசரப்பட்டாலும் வரிசையை விடமாட்டான். முதலில் பேட்டரி. பிறகு ஃபியூஸ், எங்களில் பாதிப்பேர் ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் தாளைத் திணித்து வைத்திருந்தோம். பிறகு பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற டப்பியான ரிலே, சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்கிறதா என்று காதை வைத்துக் கேட்பான். பிறகு ரிலேயிலிருந்து வருகிற வயரின் முனை, அதில் டெஸ்ட் லாம்ப் எரிகிறதா என்று. கடைசியில் பிளக்குகள். நாலு பிளக்கின் தலையையும் ஒரே இரும்புப் பட்டை இணைத்திருக்கும், வயர் அந்தப் பட்டையில்தான் வந்து சேரும். மற்ற மெக்கானிக்குகள் பட்டையைக் கழற்றாமலே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்பார்கள். இவன் கழற்றாமல் தொடமாட்டான். "பட்டையோட வச்சுப் பாத்தா செத்த பிளக்குக்கும் சேத்து உசுரோட இருக்கிற பிளக்கு பதில் சொல்லிரும் மச்சான்" என்பான் என்னிடம். பட்டையைக் கழற்றி, பிளக்கை ஒவ்வொன்றாகத் திருகியெடுத்து, பேட்டரியில் நேராக வைத்து, நுனி சிவக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி.

வேலையைவிடப் பெரிய பாடு எங்களைச் சம்மதிக்க வைப்பதுதான். வண்டியை அரை நாள் விடு என்றால் எவனும் விடவில்லை. "அதான் தங்கச்சி கை இருக்குல்ல" என்றான் தவசி. அழகுமலை எண்ணெய்க் கையோடு அப்படியே ஸ்டாண்டு நடுவில் விழுந்து அவன் காலைப் பிடித்தான். "எம் பொண்டாட்டி செத்துக்கிட்டு இருக்காண்ணே. உங்க வண்டிய ஒரு மத்தியானம் குடுங்கண்ணே" என்று அவன் அழுததைப் பார்த்துத் தவசி வண்டியைக் கொடுத்தான், அதன்பின் ஒவ்வொருத்தராகக் கொடுத்தோம். எலி கடித்த வயர், துரு ஏறிய பட்டை, 'டிக்' என்று சத்தம் மட்டும் போட்டுவிட்டுக் கரண்டை விடாத ரிலே, ஆறு வருடமாக நாலு பிளக்கும் செத்துக் கிடந்த வண்டி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தான். முடித்த வண்டியின் பானட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். கோடு போட்ட வண்டிக்காரன் குருவம்மாள் பக்கம் போகக்கூடாது, சாவியைத் திருப்பி, பத்து எண்ணி, தானாகக் கிளம்ப வேண்டும். முதலில் சிலர் கோட்டை அழித்துவிட்டு வரிசையில் நின்றார்கள், கைராசி என்றார்கள், கை படாத வண்டியில் போன பூண்டு விலை போகவில்லை என்றார்கள். அழகுமலை ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு வந்ததும் விலகினார்கள்.

குளிர் இடுப்பில் இருந்தபோது பதினைந்து வண்டி முடிந்திருந்தது. தொப்புளுக்கு வந்தபோது இருபத்தாறு. வண்டி குறையக் குறையக் குளிர் ஏறுவதும் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. என் வண்டியில் இரண்டு பிளக் மாற்றிக் கோடு போட்டது முப்பதாவதாக. குளிர் அவள் காறையெலும்பைத் தொட்ட அன்றைக்கு நாற்பத்திரண்டாவது வண்டி, ஜமால் மச்சினனுடையது, தானாகக் கிளம்பியது. அழகுமலை தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவளுக்குக் கழுத்துக்கு மேலேயும் கைகளிலும்தான் சூடு மிச்சம், ஆனாலும் மிச்சம் இருந்தது, அதோடு அவள் பிழைத்திருக்கலாம்.

இப்போது என் கதை. என் வண்டிக்குக் கோடு விழுந்த மறுநாள் நான் சாவியைத் திருப்பினேன், பத்து எண்ணினேன், வண்டி கிளம்பியது. குருவம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னைத் தாண்டி அடுத்த வண்டிக்குப் போனாள், போகிறபோது என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. நான் கீழே போய் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படியே. ஒருவார காலம் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்காமல் மூன்று வருடம் இருந்தவன்தான் நான், அப்போது தெரியவில்லை, பழகிவிட்ட பிறகு கேட்காமலிருப்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைசி வண்டியும் தானாகக் கிளம்பிய அன்று சாயங்காலம் பானட்டைத் திறந்து, எட்டாம் நம்பர் ஸ்பேனரால் பட்டையில் வயர் சேருகிற நட்டைத் தளர்த்தி, சைக்கிள் டியூபில் நகம் அளவு ரப்பர் வெட்டி வயரின் வளையத்துக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்து, நட்டின் அடியிலும் ஒரு சின்ன வட்டம் போட்டு மறுபடி இறுக்கினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வயர் வரைக்கும் கரண்டு வரும், பட்டைக்குப் போகாது.

மறுநாள் என் வண்டி மட்டும் அழுதது. அவள் வந்தாள், கை வைத்தாள், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றாள்.

ஒரு வண்டிக்கு ஒரு நெல் அளவு குளிர் ஏறும், அது எனக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நெல்தானே என்று நினைத்தேன். அழகுமலை வந்து பார்ப்பதற்குள் ரப்பரை எடுத்து வைத்துவிடுவேன், வண்டி அவன் முன்னால் ஒழுங்காகக் கிளம்பும், மறுநாள் காலையில் மறுபடி அழும். "எனக்கே புடிபடல மச்சான். வந்து வந்து போற ஃபால்ட்டா இருக்கு" என்று அவன் என்னிடம் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வான், என்னைத் திட்டவில்லை, என் வண்டியைத்தான் சந்தேகப்பட்டான். அப்படிப் பதினோரு நாள். மற்ற நாற்பத்தொரு வண்டியும் தானாகக் கிளம்பிப் போன பிறகு ஸ்டாண்டில் நானும் என் வண்டியும் கம்பளிக்குள் அவளும் மட்டும் நிற்போம். பதினோரு நெல். காறையெலும்பிலிருந்து தொண்டைக் குழிக்கு அவ்வளவு தூரம்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். எல்லா வண்டியும் இறங்கிவிட்டது. நான் செல்ஃப் அடித்தேன், அவள் வரவில்லை. மறுபடி அடித்தேன், மறுபடியும், கர்ர் கர்ர் என்று, அவள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே அடித்தேன். அந்தப் பக்கமிருந்து அழகுமலை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவளுக்கு மூச்சு தட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மூச்சும் புகையாக வெளியே வராமல் பனித்தூளாக உதடுகளில் உதிர்ந்தது.

"வெரசா எடுங்க மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவணும், மூச்சு நிக்கப் பாக்குது!"

முன்சீட்டில் அவளை உட்கார வைத்தான். ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறிவர இரண்டு மணி நேரம், பஸ் பத்து மணிக்கு, ஊரில் நின்றது என் வண்டி ஒன்றுதான், அதன் பட்டையில் என் ரப்பர் இருந்தது.

"நீ தங்கச்சியப் புடி மாப்ள, நான் பாக்குறேன்" என்று பானட்டுக்கு ஓடினேன். ஒரு நிமிடம் கிடைத்தால் போதும், அவன் பார்க்காமல் எடுத்துவிடலாம்.

"நீங்க என்னத்தப் பாப்பீங்க, தள்ளுங்க!" என்று என்னை நெஞ்சில் தள்ளிவிட்டு அவனே குனிந்தான். பேட்டரி பார்த்தான், இருந்தது. ஃபியூஸ் பார்த்தான், நன்றாயிருந்தது. "சாவியத் திருப்புங்க" என்றான், ரிலே 'டிக்' என்றது. வயர் முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்தான், பளிச்சென்று எரிந்தது. மீட்டரை எடுத்தான், பட்டைமேல் வைத்தான், பட்டையைக் கழற்றவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை அவன் பட்டையைக் கழற்றாமல் மீட்டர் வைத்தது அன்றைக்குத்தான், பெண்டாட்டியின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறபோது வைத்தது. மீட்டர் நாலு பிளக்கும் நன்றாயிருக்கிறது என்றது. "கரண்டு வருது. பிளக்கு நல்லாருக்கு. பெறகு ஏன்? பெறகு ஏன்?" என்று அவன் தலையைப் பானட்டில் முட்டினான். "மாப்ள, நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தபடி நின்றேன். சொல்லாமல் போன அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, இஞ்சினை மூன்று தடவை சூடேற்றுகிற நேரம் இருக்கும்.

உள்ளேயிருந்து குருவம்மாள் கூப்பிட்டாள். குரல் சன்னமாக இருந்தது.

"ரெண்டு ஆம்பளைங்க நிக்கிறீங்க, வண்டி அழுதுகிட்டே கெடக்குது. எங்க வச்சா என்ன, எல்லாம் ஒரே இரும்புதான."

டேஷ்போர்டுக்குக் கீழே இரும்பில் கையைப் பதித்தாள். அழகுமலை பாய்ந்துவந்து சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்தான். நான் கத்தினேன். "வைக்காத தங்கச்சி, நான்தான் ரப்பர் வச்சேன், எடுத்துர்றேன், கையை எடு" என்று கத்தினேன், அதற்குள் கை பழுத்துவிட்டது, முன்னெப்போதும் இல்லாத சிவப்பு, கண்ணாடி முழுக்கச் சிவந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டது, அதில் சந்தேகமில்லை.

"அதுக்கு வீட்டுக்கு வந்துருக்கலாமேண்ணே" என்றாள்.

வண்டி பிடித்துக்கொண்டது.

அழகுமலை அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். "எடுங்க" என்றான், நான் கத்தியது செல்ஃப் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் அவன் அவளுடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான், அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, குருவு, குருவு என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். இரண்டாவது வளைவிலும் கூப்பிட்டான். மூன்றாவது வளைவில் கூப்பிடவில்லை. நான் ஹாரனை அடித்துக்கொண்டு, எதிரே வருகிற லாரியை ஒதுக்கிக்கொண்டு, ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்க ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வளைவில் அவன் என் தோளைத் தொட்டான்.

"மெதுவாவே போங்க மச்சான். இனிமே அவசரமில்ல."

வண்டியைத் திருப்பச் சொன்னான். திருப்பினேன். ஊர் வந்து சேர்ந்ததும் சாவியில் கை வைத்தேன், அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "ஆஃப் பண்ணாதீங்க. அவ சூட்டுல ஓடுது" என்றான்.

ஆஃப் பண்ணவில்லை. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. கீழே போயிருந்த வண்டிகள் திரும்பிவந்தன, தவசி தன் டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சி எடுத்து என் வண்டியில் ஊற்றினான், பிறகு முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கேனோடு வந்தார்கள். அவளை எடுத்துப்போனபோதும் அது ஓடியது, சிதை எரியாமல் மூன்று தடவை கொள்ளி வைத்தபோதும் ஓடியது, பால் தெளித்தபோதும் ஓடியது. ஜமால் கடையில் அந்தச் சத்தத்துக்கு மேலாகப் பேசப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் அந்த உறுமலில் தூங்கினார்கள். பனி விழுந்த காலைகளில் என் வண்டியின் பானட்டில் மட்டும் பனி இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தலை மழித்திருந்த அழகுமலை ஈரத் துண்டோடு நேராக ஸ்டாண்டுக்கு வந்தான். ஊரே பின்னால் வந்தது. ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் பானட்டைத் திறந்து, எட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, தன் முறைப்படி பட்டையைக் கழற்றினான். வயரின் வளையத்துக்கு அடியிலிருந்து நகம் அளவு ரப்பரை எடுத்தான். அதைத் துண்டில் துடைத்தான். கூட்டத்தில் யாருக்கும் காட்டவில்லை, யாரும் என்ன அது என்று கேட்கவுமில்லை, அவன் என்னிடம் வந்து அதை என் சட்டைப் பையில் போட்டான். திரும்பிப் போய்ப் பட்டையை மாட்டினான், வயரை வைத்து நட்டை இறுக்கினான், இறுகிவிட்டதா என்று விரலால் அசைத்துப் பார்த்தான்.

"நீயே ஆஃப் பண்ணு" என்றான்.

அவன் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் பிடித்தேன். கை வரவில்லை. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், கோபப்படவில்லை, அவசரப்படுத்தவுமில்லை, வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றான். அப்புறம் திருப்பினேன். சத்தம் நின்றது, ஊரில் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன.

அழகுமலை பானட்டை மூடி அதன் மேல் உள்ளங்கையை வைத்தான். தவசி வந்து வைத்தான், ஜமால் மச்சினன் வந்து வைத்தான், நாற்பத்தொரு வண்டிக்காரர்களும் பெண்களும் வாத்தியாரும் வந்து, ஒருவர் கைக்குப் பக்கத்தில் ஒருவர் கையாக வைத்து, இரும்பு ஆறுகிற வரைக்கும் நின்றார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை. தவசி கொஞ்சம் நகர்ந்து இடம்கூட விட்டான். நான் சாவியைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.